வெந்நீரிலேயே விட்ட குழாய்கள்

அன்புள்ள வாலுக்கு,

நாற்பதைத் தாண்டியவளை இன்னும் வாலு என்று கூப்பிடுவதா என்று நீ முறைப்பது எனக்குத் தெரிகிறது. கூப்பிட்டுப் பழகிவிட்டது, விடு. நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். அம்மாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. பார்வை தெளிந்ததும் செய்த முதல் வேலை, சமையலறைச் சுவரில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கைக் காட்டி என்னைத் திட்டியதுதான். "இவ்வளவு நாளா இதுக்குள்ளயா எனக்குச் சமைச்சுப் போட்ட?" என்றாள். இடது கண்ணுக்கும் சிகிச்சை முடிந்தால் நான் வீட்டைவிட்டே ஓட வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமைதானே போனில் பேசினோம், இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் லேப் பேச்சை எடுத்தாலே உன் அடுப்பில் பால் பொங்கிவிடுகிறது. பதினாறு வருடமாகப் பொங்கிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

உன் மகள் அன்றைக்கு, "பெரியம்மா, நீங்க வேலைக்குப் போய் என்னதான் செய்வீங்க?" என்று கேட்டாள். மருந்துக்கு வேண்டிய பொருட்களைச் செய்யத் தொழிற்சாலைகளில் அரிய உலோகமும் மூக்கை எரிக்கும் கரைப்பான்களும் தேவைப்படும், மிஞ்சுகிற கழிவை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் திண்டாடுவார்கள், உயிர்களுக்குள் இருக்கிற நொதியை எடுத்து அதே வேலையைத் தண்ணீரிலேயே செய்யவைக்கப் பார்க்கிறேன் என்று சொன்னேன். கெட்டிக்காரி, சட்டென்று புரிந்துகொண்டாள். அடுத்த கேள்விதான் என்னைக் கொன்றுவிட்டது. "இதெல்லாம் எங்கம்மாவுக்குப் புரியுமா பெரியம்மா?" என்றாள். நீ என் பக்கத்து ஸ்டூலில் மூன்று வருடம் உட்கார்ந்து இதே வேலையைச் செய்தவள் என்பது அந்தக் குழந்தைக்குத் தெரியவே இல்லை. நீ சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் பதினோராம் தேதி லேபில் ஐஸ் இயந்திரம் மக்கர் செய்தது. ஒப்பீட்டுச் சோதனைக்காக நம் நொதியைக் கொதிக்கவைத்திருந்தேன். உனக்குத் தெரியாததா? கொதித்தால் நொதி செத்துவிடும். செத்த நொதி வேலை செய்யவில்லை என்று காட்டினால்தான், உயிருள்ள நொதி செய்த வேலையை உலகம் நம்பும். எப்போதும் கொதிக்கவைத்த கையோடு குழாய்களை எடுத்து ஐஸில் சொருகுவேன். அன்று ஐஸ் இல்லை. அம்மாவைக் கண் டாக்டரிடம் அழைத்துப்போகும் நேரமும் ஆகிவிட்டது. வாட்டர் பாத் தொட்டியை அணைத்துவிட்டு, குழாய்களை அதன் வெந்நீரிலேயே விட்டுப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது தண்ணீர் தானாக ஆறியிருந்தது. ஐஸ் வைக்காவிட்டால் என்ன, செத்தது செத்ததுதானே என்று சோதனையைத் தொடர்ந்தேன். மறுநாள் பார்த்தால், செத்த நொதி வேலை செய்திருக்கிறது!

குழாயை மாற்றி வைத்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி நினைத்ததும் கையிலிருந்த குழாயைக் கீழே வைத்துவிட்டேன். ஏனென்றால் அதைத்தான் நான் உன்னிடம் சொன்னேன், எல்லோர் முன்னிலையிலும்.

நேற்று இதோடு நிறுத்திவிட்டேன். அம்மா கூப்பிட்டாள், போய்விட்டேன் என்று எழுதினால் அது பொய். மேலே எழுதக் கை வரவில்லை.

பதினாறு வருடத்துக்கு முந்தைய அந்த வியாழக்கிழமைக் கூட்டம் உனக்கு மறந்திருக்காது. நீ செய்த சோதனையில் கொதித்த நொதி வேலை செய்தது, மூன்று முறையும். குழுவுக்கு நான்தான் பொறுப்பு. நீ குழாய்களை மாற்றி வைத்துவிட்டாய் என்றேன். "மாத்தி வைக்கலக்கா, மூணு தடவையும் பாத்துப் பாத்துதான் வச்சேன்" என்று நீ சொன்னாய். பேனா மை வெந்நீரில் அழிந்துவிடுகிறது என்று குழாய்களில் சிவப்பு நெயில் பாலிஷால் குறி வைத்திருந்ததை எடுத்துக் காட்டினாய். "இது லேபா, பியூட்டி பார்லரா?" என்று நான் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். தங்கைக்குச் சலுகை காட்டுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம் எனக்கு. அந்தப் பயத்தில் உன் அளவீடுகளை நீக்கினேன். ஆய்வுக் கட்டுரையிலிருந்து உன் பெயரையும் அடித்தேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திங்கட்கிழமை நீ லேபுக்கு வரவில்லை.

கொதித்ததும் நீ வாட்டர் பாத்தை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவாய். சாப்பிட்டு, அரட்டை அடித்து, வந்துதான் குழாய்களை எடுப்பாய். சோம்பேறி என்று எத்தனை முறை திட்டியிருப்பேன்! வித்தியாசம் அது ஒன்றுதான். சட்டென்று குளிரவைத்தால் நம் நொதி கட்டிதட்டிப் போகிறது. மெல்ல ஆறவிட்டால் பழைய உருவத்துக்குத் திரும்பி எழுந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒன்பது முறை செய்து பார்த்துவிட்டேன். குறி வைப்பதற்காகக் கடையில் போய்ச் சிவப்பு நெயில் பாலிஷ் கேட்டேன். கடைக்காரப் பெண் என் நரைத்த தலையைப் பார்த்து, "உங்களுக்கா மேடம்?" என்றாள். எனக்குத்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இதில் கொடுமை என்ன தெரியுமா? சூட்டில் ஒரே நாளில் படுத்துவிடுகிறது என்றுதான் தொழிற்சாலைக்காரர்கள் நம் நொதியை ஒதுக்கினார்கள். அதைச் சூடு தாங்கவைக்கிறேன் என்று பதினாறு வருடம் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கட்டுரைகள் வந்தன, பதவி வந்தது, நொதி மட்டும் தேறவில்லை. படுத்ததை எழுப்பிவிடலாம் என்ற விடை அன்றே உன் கையில் இருந்தது. நான்தான் தட்டிவிட்டேன்.

துறைத் தலைவர், "பழைய கதையெல்லாம் எதுக்கும்மா? இப்பக் கண்டுபிடிச்சதாவே எழுதிடுங்க" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவர் மேசைமேல் இருந்த காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். பழைய கட்டுரையைத் திருத்தச் சொல்லிப் பத்திரிகைக்கு எழுதியாகிவிட்டது. போன வியாழக்கிழமை அதே அறையில் நின்று நடந்ததையெல்லாம் சொன்னேன், பியூட்டி பார்லர் வரைக்கும். அன்று சிரித்தவர்களில் இரண்டு பேர் இன்னும் இங்கே இருக்கிறார்கள். இருவரும் தலைகுனிந்துகொண்டார்கள்.

அம்மாவிடமும் சொன்னேன். நீ வேலையை விட்டது உன் கல்யாணத்துக்காக என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "என்கிட்ட எதுக்குச் சொல்ற? அவகிட்டச் சொல்லு" என்றாள்.

சொல்கிறேன். நீ செய்தது சரி. நான் செய்தது தப்பு. என்னை மன்னித்துவிடு. திட்ட வேண்டும்போல் இருந்தால் பக்கம் பக்கமாகத் திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன்.

போகும்போது நீல அட்டை நோட்டை எடுத்துப் போனாயே, அது வேண்டும். எதைத் தூக்கி எறிந்திருந்தாலும் அதை நீ எறிந்திருக்க மாட்டாய். அதிலுள்ள அளவீடுகள் இல்லாமல் எழுதினால் இது என் கண்டுபிடிப்பாகிவிடும். அது திருட்டு. புதிய கட்டுரையில் முதல் பெயர் வரவேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். உன் பெயரை நானாக அங்கே எழுதமாட்டேன். உன்னைக் கேட்காமல் ஒரு முறை அடித்தது போதும். நீ வேண்டாம் என்றால் இந்தக் கட்டுரையே வேண்டாம்.

உன் மகளிடம் நீ யார் என்று சொல். உனக்கு மனம் வராவிட்டால் எனக்கு அனுமதி கொடு, நான் சொல்கிறேன்.

நோட்டைத் தபாலில் அனுப்பினாலும் போதும். அவளையும் கூட்டிக்கொண்டு நீயே எடுத்து வந்தால், உன் ஸ்டூல் ஜன்னல் பக்கம் அதே இடத்தில்தான் இருக்கிறது. குழாய்களைக் கொதிக்கவைத்து, வாட்டர் பாத்தை அணைத்துவிட்டு, மூன்று பேரும் சாப்பிடப் போகலாம். எவ்வளவு நேரம் ஆனாலும் இந்த முறை நான் அவசரப்படுத்த மாட்டேன்.

நீயும் உன் வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் பதிலுக்காகத் தபால்காரரைப் பார்த்திருக்கும்,
அக்கா