ஐந்து அங்குலத்துக்கு மேல்

துர்முகி, ஐப்பசி 6, திங்கள்
காலையில் தூறல். மழைமானியில் மூன்று சென்ட், அங்குலத்தில் நூறில் மூன்று. கண் எரிச்சல்.

பள்ளிக்கூடம் போகாத கை. மழைப் பதிவேட்டில் பழகிய எழுத்து. இந்த நோட்டை யாரும் பார்க்கப்போவதில்லை.

பட்டணத்துக் கணக்கு ஆபீசர் ரஹீம் சாயபு வந்திருக்கிறார். கடப்பாக்கம் பங்களாவில் தங்கல். என் பதிவேடு முழுக்க வேண்டுமாம். எவ்வளவு பெரிய மழை எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை வரும் என்று கோடு போட்டுச் சொல்வாராம். அதை வைத்துத்தான், மிஞ்சின தண்ணீர் வழிந்து போகிற ஏரிக் கலங்கலின் அகலம். ஏரிக்குக் கீழேதான் மகள் செல்லம்மாள் வீடு.

பதிவேட்டைப் புரட்டினார். "ஒரு நாள் கூட விடலியே பெரியவரே!"

தலை குனிந்தேன்.

ஐப்பசி 7
மேகமூட்டம். மானி காலி.

சாயபு நாஸ்தா தொடவில்லை. கட்டம் போட்ட காகிதத்தில் புள்ளிகள். எல்லாம் கோட்டின் மேல் உட்காருகின்றன. கடைசியில் வரும் பெரிய மழை நாலு மட்டும் ஒரே உயரத்தில், கூரையில் முட்டினது போல.

"மூணு சூத்திரம் போட்டுட்டேன், ஒண்ணும் ஒட்டல. எந்தலையிலதான் கோளாறு."

அவர் தலையில் இல்லை. மானிப் புட்டி ஐந்து அங்குலம்தான் கொள்ளும். வழிந்து வெளி டப்பாவில் நிற்பதையும் அளந்து கூட்ட வேண்டும். புட்டித் தண்ணீர்தான் கணக்கு என்று நினைத்துக் கொட்டிவிட்டேன். நாலு தடவை. தப்பென்று பின்னால் தெரிந்தும் வாய் திறக்கவில்லை. ஒரு தடவை முற்றத்தில் மறந்த மரக்கால் விளிம்பு வரை நின்றது. ஒரு சாண், ஒன்பது அங்குலம். எழுதினது ஐந்து.

ஐப்பசி 8
வெயில். முழங்கால் வலி. புட்டி வழிந்த நாலு தடவையையும் சாயபுவிடம் சொல்லிவிட்டேன்.

"பேஜாரு பண்ணிட்டீங்களே!" பிறகு சிரித்தார். "நான் மக்குனு நெனச்சிகினு இருந்தேன். இன்னும் எதனா கீதா?"

"இல்ல சாயபு."

இருக்கிறது. செல்லம்மாள் வீட்டுச் சுவர் இடிந்த மழை. அன்று கூடுவாஞ்சேரியில், சகலை வீட்டு விருந்தில் நான். திரும்பி வந்தபோது மூன்று நாள் தண்ணீர் சேர்ந்து நின்றது. எந்த நாளுக்கு எவ்வளவு என்று தெரியாமல் கொட்டிவிட்டு, அந்த நாளுக்கு மூன்று அங்குலம் என்று குத்துமதிப்பாகப் போட்டேன். மற்றதெல்லாம் அறியாமை. இது அப்படி இல்லை.

ஐப்பசி 9
சாயபு காலை பஸ் ஏறினார். செல்லம்மாள் வஞ்சிரக் கருவாடு பொட்டலம் கட்டி வந்திருந்தாள்.

"எங்க வூட்ட காப்பாத்தற மனுசன். குடு நைனா, இன்னாத்துக்கு மரமாட்டம் நிக்கற?"

பஸ் நகர்ந்தது. ஓடினேன். பஸ்ஸின் பக்கத் தகரத்தில் அடித்தேன்.

"யோவ் பெர்சு, சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சிதா?" கண்டக்டர்.

"இன்னும் ஒண்ணு கீது சாயபு!"

சாயபு இறங்கினார். "எந்த மழை?"

செல்லம்மாள் பக்கத்தில் வந்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.