கையுறை ஆலையின் முன்சுவர்

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்றும் மூன்று. கையுறை ஆலையின் முன்சுவருக்குக் கீழே, நடைபாதைப் பனிமேல், செங்கல்லின் முகம் மட்டும் பிஸ்கட் மாதிரி பெயர்ந்து கிடந்தது. மூன்றையும் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தேதி எழுதிவிட்டேன்.

1887-இல் கட்டிய சுவர். போன அக்டோபரில் கர்ட் வெண்டெல் ஆலையை வாங்கினான். ஜனவரியில் இடிக்க அனுமதி கேட்டு மனுப் போட்டான். பிப்ரவரியில் செங்கல் உதிர்கிறது. தானாகவா? யார் காதில் பூ சுற்றுகிறான்?

பெவ்வுக்குப் போன் செய்தேன். பழங்கட்டிடச் சங்கத்துக்கு நான் தலைவி, அவள் செயலாளர். முப்பது வருஷமாக அப்படித்தான். "ஆள் வெச்சு உளியால தட்டுறான் மார்லிஸ். இடிஞ்சு விழற கட்டிடம்னு சொன்னா அனுமதி சுலபமாக் கிடைச்சுடும்ல?" என்றாள். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 14

காலை ஆறு மணியிலிருந்து காரில் காவல். ஏழு இருபதுக்கு அவனுடைய வெள்ளை வேன். மேலே ஏணி. ஏணி எதற்கு?

பிப்ரவரி 15

ஏணி, மாடியில் குழாய் வெடித்ததற்காம். நான் கேட்கவே இல்லை, அவனாக வந்து சொன்னான். கேட்காமலே கணக்கு ஒப்பிக்கிறவனை நான் நம்புவதில்லை.

கார்க் கண்ணாடியைத் தட்டி, "டியர்னி மேடம், குளிர்ல விறைச்சுப் போயிடுவீங்க. இந்தாங்க" என்று காபி வேறு நீட்டினான். வாங்கிக்கொண்டேன். தலை மறைந்ததும் பனியில் கொட்டினேன். எனக்கு எதற்குக் காபி கொடுக்கிறான்? என்ன வேண்டும் அவனுக்கு?

பிப்ரவரி 23

ஏழு துண்டுகள்!

நேற்று வெயில் அடித்துப் பனி உருகியது, ராத்திரி மறுபடி உறைந்தது. இந்த மாதிரி நாளுக்கு மறுநாள்தான் அதிகம் விழுகிறது. கெட்டிக்காரன், குளிர் மேல் பழியைப் போட வசதியாக நாள் பார்த்துச் செய்கிறான். பின்சுவரில் ஒரு கல்கூட உதிரவில்லை. தெருவில் போகிறவர்கள் கண்ணில் படுகிற சுவராகப் பார்த்துக் கை வைக்கிறான். நாங்கள் முப்பது பேர் சேர்ந்து காப்பாற்றிய சுவர் அது.

பத்திரிகைக்குக் கடிதம் எழுதிவிட்டேன். அவன் பெயரைப் போட்டே எழுதினேன்.

மார்ச் 4

கடிதம் வந்ததிலிருந்து ஊரே பேசுகிறது. யாரோ வெண்டெலின் வேன் கண்ணாடியை உடைத்துவிட்டார்களாம். நான் உடைக்கச் சொல்லவில்லை.

நகரத்தின் பாரம்பரியக் குழுத் தலைவரைப் பார்த்தோம். வேண்டுமென்றே சேதம் செய்கிறான் என்று நிரூபித்தால் இடிப்பு மனு தள்ளுபடி, ஆலை நிரந்தரமாகக் காப்புப் பட்டியலில் ஏறும். நிரூபிக்காவிட்டால் இடிக்க அனுமதி கிடைத்துவிடும். விசாரணை ஏப்ரல் 8.

என் பைகள் போதாதாம், தொழில் தெரிந்தவர் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். பழைய தேவாலயங்களைப் பழுது பார்க்கிற கொத்தனார் செஃபெரினோ ரோசாஸை வரச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

சர்ச் விருந்தில் வெண்டெலின் மனைவி ஜோலீன் சுட்டுக் கொண்டுவந்த உருளைக்கிழங்குக் கேசரோலை நாங்கள் தொடவில்லை. பெவ் பாதிரியாரையும் தடுக்கப் பார்த்தாள். அவர் இரண்டு தரம் போட்டுக்கொண்டார்.

மார்ச் 19

எப்படி எழுதுவது?

ரோசாஸ் வந்தார். பின்சுவரில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே பேனாக்கத்தியை வைத்தார். சாந்து மணலாக உதிர்ந்தது. முன்சுவரில் வைத்தார், கத்தி இறங்கவே இல்லை. "இங்க மட்டும் யாரு சாந்து வெச்சது?" என்று கேட்டார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "நாங்கதான்! தொண்ணூத்தி நாலுல இதை இடிக்க வந்தாங்க. ரெண்டு வாரக்கடைசி, முப்பது பேர். என் வீட்டுக்காரர் கில்தான் சாரத்துல ஏறினார். கீழ நின்னு கலந்தது நான்."

"என்ன கலந்தீங்க?"

"சிமெண்ட். நல்லாக் கெட்டியா."

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"மேடம், இது மெத்துனு சுட்ட பழைய செங்கல். இதுக்குச் சுண்ணாம்புச் சாந்துதான் தோது. உள்ள போற தண்ணி அது வழியா வெளிய வந்துடும். சிமெண்ட் விடாது. தண்ணி கல்லுக்குள்ளயே நின்னு, குளிர்ல உறைஞ்சு, கல்லோட மூஞ்சியைப் பிய்ச்சுத் தள்ளுது."

"உளி?"

"உளி பட்ட தடம் ஒண்ணுகூட இல்ல."

"வெண்டெல் உங்ககிட்ட ஏதாவது பேசினானா?" என்று கேட்டேன். கேட்டேன், அதையும் எழுதத்தான் வேண்டும். அந்த மனுஷன் கத்தியை மடக்கிக்கொண்டே, "என்னைக் கூப்பிட்டது நீங்கதானே மேடம்" என்றார்.

சரி பண்ண முடியாதா என்றேன். சிமெண்டைப் பெயர்த்தால் கல்லின் விளிம்பும் சேர்ந்து வருமாம்.

மார்ச் 20

ஆலைப் பக்கம் போகவில்லை.

மார்ச் 22

பெவ்விடம் சொன்னேன். அவள் யோசிக்கவே இல்லை. "எழுத்துல எதுவும் குடுக்கலயே? அப்ப அந்தாளு வரவே இல்லைன்னு வெச்சுக்கோ. வாயை மூடிக்கிட்டு இருந்தா கட்டிடம் நிக்கும். திறந்தா விழும். இதுல மண்டையை உடைச்சுக்க என்னடி இருக்கு?"

அவள் சொல்வதும் சரிதானே? வெண்டெல் என்ன சாமியாரா? இடிக்கத்தானே வாங்கினான்? அதற்காக, செய்யாததைச் செய்தான் என்று கைதூக்கிச் சத்தியம் செய்வதா? பட்டியலில் ஏற்றினால் மட்டும் செங்கல் உதிராமல் நிற்குமா? ஐயோ, அந்தக் கட்டிடம் போனால் எனக்கு இந்த ஊரில் என்ன இருக்கிறது?

ஏப்ரல் 8

விசாரணையில் ஆளுக்கு மூன்று நிமிஷம் பேசலாம். பெவ் மூன்றையும் பேசி, மணி அடித்த பிறகும் பேசினாள். அடுத்து நான். பைகளை மேஜையில் கொட்டினேன்.

"இதை உடைச்சது அவர் இல்ல. நாங்கதான். சிமெண்ட் கலந்தது நான்."

குழுத் தலைவர் காது கேட்காதவர் மாதிரி இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஐந்துக்கு இரண்டு ஓட்டில் இடிக்க அனுமதி.

வெளியே வெண்டெல் என்னை நோக்கி வந்தார். திட்டுவார் என்று நின்றேன். "ஜோலீன்கிட்ட இதை நீங்களே ஒரு தடவை சொல்லிடுங்க. உண்மையைச் சொல்லு, உண்மையைச் சொல்லுன்னு ஒரு மாசமா உயிரை எடுக்கறா. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறா" என்றார்.

நான் மூட்டிய தீ அவர் வீட்டு அடுக்களை வரைக்கும் போயிருக்கிறது.

ஏப்ரல் 9

போய்ச் சொன்னேன். வாசற்கதவைப் பிடித்தபடியே நின்று ஜோலீன் கேட்டாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

மே 14, புதன்

இடிக்கிறார்கள். எதிர்ப்பக்கம் சங்கத்துக்காரர்கள் அட்டை பிடித்து நின்றார்கள். பெவ்வைப் பார்த்துக் கையசைத்தேன். தெருவைக் கடந்து வந்தாள். பேசத்தான் வருகிறாள் என்று எனக்குச் சந்தோஷம்.

"வெண்டெல் உனக்கு எவ்வளவு குடுத்தான்?"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நான் வெண்டெலைப் பார்த்த அதே பார்வை. என்ன சொன்னாலும் நம்ப மாட்டாள் என்று எனக்குத் தெரியாதா? திரும்பிப் போய்விட்டாள்.

பின்சுவர்ச் செங்கல்லை ஒரு தட்டுத் தட்டினால் சுண்ணாம்பு உதிர்ந்து சுத்தமாக வந்துவிடுகிறது. அடுக்கிக் கட்டி வைத்திருந்தார்கள், புது வீடுகளுக்கு வாங்கிப் போவார்களாம். முன்சுவரை மட்டும் அப்படியே அள்ளிக் குப்பை லாரியில் கொட்டினார்கள்.

மேஸ்திரியிடம் ஒரு செங்கல் கேட்டேன். அடுக்கிலிருந்து நல்லதாக ஒன்றைத் துடைத்து நீட்டினார்.

"இது வேண்டாம், லாரியில இருந்து ஒண்ணு எடுங்க."

"அதுல சிமெண்ட் ஒட்டிக்கிட்டு விடாது மேடம். எதுக்கும் ஆகாது."

"தெரியும். குடுங்க" என்றேன்.