கொரியாக் காகிதச் செம்பும் பதினொரு கடுதாசிகளும்

அன்புள்ள மைனிக்கு,

அந்த மண்டபத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். கொரியாவிலிருந்து திரும்பிய பட்டாளத்து டாக்டர், அவர் மனைவி, நம் ஊர் உபதேசியார், பக்கத்து வீட்டு ஞானம்மாள், நான். வேறு யாரும் இல்லை. நீங்கள் இருந்திருந்தால் ஆறு.

கொரியா நாட்டுக் காகித வேலைகளை நாகர்கோவிலில் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள் என்று ஞாயிறு ஆராதனை முடிவில் உபதேசியார் சொன்னார். டாக்டர் அங்கே சண்டை நடந்தபோது முகாம் ஆஸ்பத்திரியில் இருந்தவர்; எல்லாம் அவர் கொண்டுவந்த சாமான்கள்தானாம். நம் ஊர் கொட்டாரத்திலிருந்து காலை பஸ்ஸில் போனோம். மண்டபத்துக் கதவைத் திறந்ததும் எண்ணெய் ஊறிய காகித வாசனை வந்தது. உங்கள் தகரப் பெட்டியின் வாசனை, மைனி. பூச்சி ஏறாமலிருக்கக் கடுதாசிகளை எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருப்பீர்களே, அதேதான். வாசலிலேயே நின்றுவிட்டேன்.

பழங்காலத்துச் சாமான்களாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். அப்படி இல்லை. எல்லாம் இந்த நாலைந்து வருஷத்துக்குள் செய்தவை. விசிறி, பட்டம், விளக்குக் கூடு, துணி வைக்கிற பெட்டிகூடக் காகிதத்தில். சுவரில் ஒரு பெரிய வெள்ளைத் தாள் தொங்கியது. "இதுல படம் எங்க இருக்கு?" என்று உபதேசியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். டாக்டரம்மா அதைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். தாளுக்குள்ளே மலை மலையாக எழும்பி வந்தது. வெள்ளைமேல் வெள்ளை ஒட்டிச் செய்ததாம்.

அந்த நாட்டில் வீட்டு ஜன்னலுக்கும் காகிதம்தான் என்று டாக்டர் சொன்னார்.

"அய்யோ ஆண்டவரே, ஒரு மழ பெய்தா வீடு கஞ்சியா போவுமே!" என்றாள் ஞானம்மாள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகுதான் அந்தச் செம்பைப் பார்த்தேன். காகிதத்தை நாடா நாடாவாகக் கிழித்து, கயிறு திரிக்கிற மாதிரி விரலில் முறுக்கி, அந்த இழைகளைப் பின்னிச் செய்த செம்பு. இழை முழுக்கக் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி. சாயம் என்று நினைத்தேன். "சாயம் இல்ல, எழுத்து," என்றார் டாக்டர். சண்டைக்குப் போய்த் திரும்பாத ஒருவன் தன் மனைவிக்கு எழுதிய கடுதாசிகளாம். அவள் பிள்ளையின் காய்ச்சலை டாக்டர் சுகமாக்கியதற்காகக் கொடுத்தாளாம்.

ஞானம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "மாப்பிள எழுதின கடுதாசிய எவளாவது கிழிப்பாளா? அதுவும் அடுத்தவனுக்குத் தூக்கிக் குடுப்பாளா?"

"நானும் கேட்டேன். வாசிச்சு முடிஞ்சாச்சு, இனி எதையாவது போட்டு வைக்க உதவட்டும்னு சொன்னா," என்றார் டாக்டர்.

நான் வெளியே வந்து படியில் நின்றுகொண்டேன்.

மைனி, உங்களைக் கட்டி வீட்டில் விட்டுவிட்டு மலேயா ரப்பர் தோட்டத்துக்குப் போன என் அண்ணன் நாலு வருஷத்தில் பதினொரு கடுதாசி எழுதினான். உங்களுக்கு எழுத்துத் தெரியாது என்று எல்லாம் என் பேருக்கே வந்தன. பொட்டலக் காகிதத்தை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தவள் நான். உங்களுக்கும் சொல்லித் தருகிறேன் என்றால், "எனக்க கண்ணு ரெண்டும் உனக்க கிட்டதானே இருக்கு, பின்ன எதுக்குட்டி?" என்று சிரிப்பீர்கள்.

முதல் கடுதாசியில் அண்ணன் மழையைப் பற்றி எழுதியிருந்தான், மேஸ்திரியைப் பற்றி எழுதியிருந்தான். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நீங்கள் என் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். 'அவள் சுகமா, வேளைக்குச் சாப்பிடுகிறாளா' என்று நானே சேர்த்து வாசித்தேன். உங்கள் முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகு நிறுத்த முடியவில்லை. இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னபோது ஒரு சொல் மாறிவிட்டது. "போன தடவ வேற மாதிரில்லா வாசிச்ச?" என்றீர்கள். அன்றிலிருந்து நான் சேர்த்ததை எல்லாம் பால் கணக்கு நோட்டின் பின்பக்கம் எழுதி வைத்தேன். எந்தக் கடுதாசிக்கு எந்த வரி என்று, ஒன்றும் பிசகாமல். ஜெபிக்கும்போது அந்த நோட்டு ஞாபகத்துக்கு வரும். வேறு எதையாவது சொல்லி ஜெபத்தை முடித்துவிடுவேன்.

பதினொன்றாவது கடுதாசியில் இருந்தது நாலே வரி. இங்கே எனக்கு வேறு குடும்பமாகிவிட்டது, அவளை அவள் தம்பி வீட்டுக்குப் போகச் சொல். இதுதான் மைனி அதில் இருந்தது. நான் வாசித்தது, 'அறுப்பு முடிந்ததும் வருவேன், வீட்டைப் பூட்டிப் போடாதே.'

அடுத்த மாதமே உங்கள் தம்பி புனலூரிலிருந்து வந்து கூப்பிட்டார். நீங்கள் போகவில்லை. "அவிய வாறேன்னு எழுதிருக்காவளே. வந்து பாத்தா வீடு பூட்டிக் கெடந்தா மனசு என்ன பாடு படும்?" நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்போது வாயைத் திறந்திருக்கலாம். மூன்று அறுப்பு முடிந்தது. தினமும் முற்றம் பெருக்கிக் கதவைத் திறந்து வைத்தீர்கள். தம்பி வீட்டில் பிள்ளைகளோடு இருந்திருக்க வேண்டியவர், அந்த வீட்டில் ஒற்றைக்கு இருந்தீர்கள்.

காய்ச்சலில் கிடந்தபோது அந்தக் கடைசிக் கடுதாசியை வாசிக்கச் சொன்னீர்கள். நோட்டில் இருந்தபடியே வாசித்தேன். தாளைக் கையில் வாங்கி, அந்த நாலு வரியையும் விரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தீர்கள். பிறகு சொன்னீர்கள்: "போதும் மக்கா. நல்லா வாசிச்ச."

அதற்கு என்ன அர்த்தம் மைனி?

நீங்கள் சொன்னபடியே பதினொன்றையும் உங்கள் சவப்பெட்டியில், தலைமாட்டில் வைத்தேன். அண்ணன் எழுதியது உங்களோடு போய்விட்டது. நான் எழுதியதுதான் இங்கே கிடக்கிறது. கண்காட்சிக்குப் போய்வந்த மறுநாள் அந்த நோட்டுப் பக்கங்களைத் திரிக்கலாம் என்று எடுத்தேன். விரலை நனைத்து ஒரு நாடா கிழித்ததோடு நிறுத்திவிட்டேன். அந்தக் கொரியாக்காரி வாசித்து முடித்தவள். இதை நீங்கள் இன்னும் வாசிக்கவே இல்லையே. இப்போது எனக்கு யாரும் கடுதாசி எழுதுவதில்லை, வாசித்துச் சொல்ல ஆளும் இல்லை. நோட்டு மட்டும் வேதப்புத்தகத்துக்கு அடியில் இருக்கிறது.

தெரிந்துதான் அந்த வீட்டில் இருந்தீர்களா, இல்லை என்னை நம்பித்தான் இருந்தீர்களா? எதுவானாலும் சரி. சீக்கிரம் ஒரு பதில் போடுங்கள்.