ஈரத்தில் விற்ற குழல்

பக்கத்துக் கடைக்காரன் இன்று காலையில் பச்சை மூங்கில் கட்டு ஒன்றை இறக்கினான். வெட்டி மூன்று நாள்கூட ஆகியிருக்காது. சாரலில் நனைந்த அந்த மூங்கிலில் வெள்ளரிப்பிஞ்சை ஒடித்தது போல ஒரு வாசனை. குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்கு அது சீசன் வாசனை. எனக்கு உன் ஞாபகம்.

அதனால்தான் எழுதுகிறேன். ஆமாம், நானேதான் எழுதுகிறேன்! தென்காசியில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் வகுப்புக்கு ஆறு மாதமாகப் போய்வருகிறேன். 'புல்லாங்குழல்' என்று பிழையில்லாமல் எழுதிய அன்று, ஆயுசு முழுக்க விற்ற சாமானை அன்றுதான் முதல்முறை பார்த்தவனைப் போலச் சிரித்தேன். இந்தக் கடிதத்தை முடிக்க எனக்கு நாலைந்து நாளாகும். ஆகட்டும். எழுதும்போது கைக்குத்தான் சந்தோஷம். எழுதப்போகும் விஷயத்தில் சந்தோஷம் ஏதுமில்லை.

நம் வாலிபத்தில் ஒரு ஆடி மாதம் நீ ரயிலடியிலிருந்து மாட்டுவண்டியில் ஆட்களை ஏற்றி வந்து அருவிப் பாதையில் இறக்கிவிட்டு, வண்டியை அவிழ்க்காமலே என் கடை முன்னால் வந்து நின்றாய்.

"ஏலே, எனக்கு ஒரு குழல் குடு. விலையும் கம்மியா இருக்கணும், சத்தமும் நல்லா இருக்கணும்."

"பொண்ணு பாக்க வந்தவன் மாதிரியில்லா பேசுத."

"சிரிக்காதலே. தைப்பூசத்துக்குள்ள நாலு பாட்டு ஊதப் பழகிட்டா என்னை முன்னால நடக்கச் சொல்லியிருக்காரு."

சொன்னவர் நம் காவடிக் கூட்டத்துக்குத் தலைவரான எண்ணெய்க்கடை அண்ணாச்சி. கூட்டத்தில் குழல் ஊதியவர் கொழும்புக்குப் போய்விட்டார். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் தென்காசியிலிருந்து பண்பொழி வரைக்கும் கூட்டம் ஆடிப் பாடி நடக்கும். அரிசியும் பாத்திரமும் ஏற்றிய உன் வண்டி கடைசியில் வரும். எல்லோரும் திருமலைக்கோயில் படியேறுவார்கள். நீ அடிவாரத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு இருப்பாய். பதினைந்து வருஷம் காவடியோடு வந்தும் ஒரு பூசத்தில்கூட நீ மேலே வந்து சாமியைப் பார்த்ததில்லை. குழல் ஊதினால் படியேறலாம். உனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

என்னிடம் அப்போது இரண்டு வகைக் குழல் இருந்தது. அடுப்புக்கு மேலே பரணில் ஒரு வருஷம் புகையில் காய்ந்தவை நாலே நாலு. திருநெல்வேலியிலிருந்து வரும் பாட்டு வாத்தியாருக்காக அவற்றைத் துணியில் சுற்றி வைத்திருந்தேன். மற்றதெல்லாம் சீசனுக்காக அவசரமாகப் பச்சையில் வெட்டித் துளை போட்டவை. பச்சை மூங்கிலை விற்க எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. காலடியில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கும். வாங்குகிறவர் கேட்டதும் குழலை அதில் முக்கி, உதறி, ஊதிக் காட்டுவோம். உள்ளே ஈரம் படிந்த குழல் தேனாகப் பேசும். சாரல் காற்றில் கேட்க இன்னும் நன்றாக இருக்கும். ஊருக்குக் கொண்டுபோய் வெயிலும் பனியும் பட்ட பிறகு அது என்ன ஆனது என்று எங்களைத் தேடி வந்து கேட்கிறவர் யார்?

காய்ந்ததில் ஒன்றை எடுக்கக் கை நீண்டது. இவன் வண்டிக்காரன், விளையாட்டுக்கு ஊதப்போகிறவன், இவனுக்கு எதற்கு இது என்று தோன்றியது. கை திரும்பிவிட்டது. பச்சையில் ஒன்றை வாளியில் முக்கி உனக்கு ஊதிக் காட்டினேன். நீ கண்ணை மூடிக் கேட்டாய்.

அந்த ஐந்தாறு மாதம் நீ ஊதாத நேரமில்லை. சவாரி இல்லாமல் தென்காசிக்குத் திரும்பும்போது கயிற்றை விட்டுவிட்டு ஊதிக்கொண்டே வருவாய். மாட்டுக்கு வழி தெரியும்.

"நீரு ஊதுத பாட்டுக்கு மாடு உறங்குதுவே" என்று மற்ற வண்டிக்காரர்கள் கேலி செய்வார்கள்.

"உறங்கட்டும். உங்க பேச்சைக் கேட்டா அதுவும் முடியாதுல்லா" என்பாய்.

கார்த்திகையில் மூன்று பாட்டு கைக்கு வந்துவிட்டது. மழை நின்று, தை மாதத்துப் பனிக்காற்று வறட்டு வறட்டென்று அடிக்க ஆரம்பித்தது. உன் குழலில் கீழ்ச்சுரம் கம்மிற்று. பிறகு வெறும் காற்றாக வந்தது. பூசத்துக்கு நாலு நாள் முன்னால் எண்ணெய்க்கடை முற்றத்தில் கூட்டம் மொத்தமும் உட்கார்ந்திருக்க நீ ஊதினாய். பக்கத்தில் இருந்தவனுக்குக்கூடக் கேட்கவில்லை.

"மாட்டை அதட்டுத வாய்க்கு இது வசப்படாதுவே. நீரு வண்டியையே பாரும்" என்றார் அண்ணாச்சி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் அங்கே இருந்தேன். நான் சிரிக்கவில்லை என்று எழுத ஆசை. பொய்யை எழுதவா இந்த வயதில் படித்தேன்?

மறுநாள் தென்காசிக் கோயில் வாசலில் நான் போட்டிருந்த கடைக்கு வந்து குழலை நீட்டினாய். "என்னன்னு பாருலே" என்றாய். நான் கட்டைவிரல் நகத்தை அதன் நெடுக ஓட்டினேன். மூன்றாம் துளைக்குக் கீழே தட்டியது. முடியளவு வெடிப்பு. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் காற்று முழுக்க அதன் வழியே போய்விடும். அப்போது என் கடையில் நாலு பேர் குழல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெடித்துவிட்டது என்று சொன்னால் நாலு பேரும் எழுந்து போவார்கள்.

"குழல் நல்லாத்தாம்லே இருக்கு. உனக்குத்தான் ஊதுத அளவுக்கு மூச்சுக் காணல" என்றேன்.

"அதான் நானும் நெனச்சேன்" என்றாய். துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாய். அந்தப் பூசத்துக்கும் மலையடியில் மாட்டோடுதான் இருந்தாய். நான் படியிறங்கி வந்தபோது, "மேல நல்லா இருந்துச்சா?" என்று கேட்டுத் தண்ணீர்ச் செம்பைக் கொடுத்தாய். குடித்தேன்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு காய்ந்த குழலை உன் வீட்டுக்கே கொண்டுவந்தேன். நீ தொடக்கூட இல்லை. "நல்ல குழலை என்கிட்ட குடுத்து ஏம்லே பாழாக்குத? மூச்சு உள்ளவனுக்குக் குடு" என்றாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். தின்பண்டம் கொண்டுவந்தவனைப் போல உட்கார்ந்து, மழை பற்றிப் பேசிவிட்டு, குழலைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தேன்.

உன் கடைசிக் காய்ச்சலில் டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். "எனக்கு வாலிபத்துலயே மூச்சுக் காணாதுய்யா. இவனைக் கேளுங்க, இவனுக்குத் தெரியும்" என்று என்னைக் காட்டினாய். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். இரண்டாம் நாள் நீ போய்விட்டாய்.

நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. தேர்ந்தவன் குழலைக் குறை சொல்லுவான். பழகுகிறவன் தன்னைத்தான் குறை சொல்லிக்கொள்ளுவான். அதனால் விளையாட்டுக்கு ஊதுகிறேன், மலிவாகக் கொடுங்கள் என்று யார் வந்தாலும் காய்ந்த குழலைத்தான் எடுத்து வைக்கிறேன். வாளியைத் தூக்கிப்போட்டு வருஷக்கணக்காயிற்று. சாயம் பூசியதை வாங்காதீர்கள், சாயத்துக்குள் வெடிப்பு ஒளிந்திருக்கும் என்கிறேன். தோலில் புள்ளி இருந்தால் பாதகமில்லை, நகத்தால் தட்டினால் கணீரென்று கேட்கிறதா பாருங்கள், எல்லாத் துளையையும் மூடி மெல்ல ஊதினால் கீழ்ச்சுரம் வருகிறதா பாருங்கள் என்கிறேன். பக்கத்துக் கடைக்காரன், "பாட்டையா, நீரு வியாவாரம் பண்ணுதீரா, பிரசங்கம் பண்ணுதீரா?" என்று ஏசுகிறான். ஏசட்டும். இதனால் உனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்று எனக்குத் தெரியும்.

போன வாரம் உன் வீட்டுக்குப் போய், எனக்குத் தங்கச்சி முறையான உன் பெண்டாட்டியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முறத்தில் உளுந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. கடைசியில், "இதை எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய அண்ணாச்சி? அவுககிட்டல்லா சொல்லியிருக்கணும்" என்றாள். ஏசுவாள் என்று நினைத்துப் போனேன். அதுகூட இல்லை. முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் சொன்னதுதான் சரி. ஆகையால் உன்னிடமே சொல்லுகிறேன், எழுத்துக் கூட்டிக் கூட்டி.

உன் மூச்சில் ஒரு குறையும் இருந்ததில்லை.