சாமிக்கு நேர்ந்துவிட்ட சேவல்

1984, ஆடி வெள்ளி, இரவு.

இன்று பண்ணையில் தாய்க்கோழிகளுக்கு ரத்தப் பரிசோதனை. இறக்கையில் ஊசி குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை வெள்ளைத் தட்டில் மருந்தோடு கலப்பது என் வேலை. ரத்தம் திரிந்தால் நோய். அந்தக் கோழியைக் கொன்று எரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முட்டை வழியாக நோய் குஞ்சுக்குப் போகும்.

போன மாதம் குஞ்சுகள் வெள்ளையாகக் கழிந்து செத்தபோது எங்களை மேற்பார்க்கும் மண்டோர் வீரையா என்ன சொன்னார்? "அவ கைராசி அப்படி." அதிலிருந்து நாங்கள் குடியிருக்கும் லயத்தில் யாரும் என் கையால் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்குவதில்லை.

பரிசோதனை முடியப்போகும் நேரம், தீவனக் கொட்டகையில் கவிழ்த்துவைத்த கூடைக்குள்ளிருந்து ஒரு சேவல் கூவியது. முனியாண்டி சாமிக்கு வெட்டுவதாக வீரையா நேர்ந்துவிட்டது. பகலெல்லாம் எங்கள் பெட்டைகளோடுதான் மேயும்.

"அது சாமி சேவல்லா. அதுக்கு எதுக்கு ஊசி?" என்றார் வீரையா.

"சாமிக்குச் சீக்குக் கோழியவா வெட்டுவீங்க, அண்ணே?"

பண்ணை முதலாளி தவுக்கே கூடையைத் தூக்கச் சொன்னார்.

ரத்தம் தயிர்போலத் திரிந்தது; குஞ்சுகளைக் கொன்ற அதே நோய். தட்டை வீரையாவின் முகத்துக்கு நேரே நீட்டினேன். சேவலைக் கொன்று எரிக்கும் குழியில் அவர்தான் போட்டார். சேவலைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது.

இதோடு விடமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை, அவர் நேர்த்திக்கடனோ பாக்கி. நல்ல சேவலாக நானே வாங்கி, கோயில் வாசலில் எல்லோர் முன்னாலும் நீட்டப்போகிறேன். சாமிக்கென்று கொடுப்பதை வேண்டாம் என்று சொல்ல முடியாது. இந்தக் கையால்தான் வாங்க வேண்டும்.