கம்பியா, காந்தமா, இரண்டுமா

நேற்று ஒரு மாணவி, இறந்த பசுவின் வயிற்றிலிருந்து எடுத்த காந்தத்தைக் கண்ணாடிக் குடுவையில் போட்டுக் கொண்டுவந்தாள். விரல் நீளம். சுற்றிலும் முள்ளம்பன்றி போலத் துருப்பிடித்த மத்தாப்புக் கம்பிகள். "இதை யார் மேடம் உள்ளே போட்டது?" என்றாள். ஒரு கால்நடை மருத்துவர் என்றேன், உன்னை நினைத்துக்கொண்டு. தோழி, நீ இறந்து இரண்டு தீபாவளி கடந்துவிட்டது.

ஆமத்தூர்ப் பக்கம் பட்டாசு கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள், கழித்துப்போட்ட மத்தாப்புக் கம்பிகளை அள்ளிவந்து சோளத்தட்டையைக் கட்டுவார்கள். பேரியம் கலந்த மத்தாப்பு மருந்தைத் தட்டி உதிர்த்தாயிற்று என்று நினைப்பு. மாடு தட்டையோடு கம்பியையும் விழுங்கும். அது இதயத்தைக் குத்தாமலிருக்க நீ வாய்வழியாகக் காந்தம் செலுத்துவாய். அது வயிற்றிலேயே கிடந்து இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அப்படிக் காந்தம் போட்ட செவலைப் பசு ஒன்று நாலாம் நாள் நடுங்கத் தொடங்கியது. எச்சில் ஒழுகியது. பின்னங்கால் நிற்கவில்லை. மாட்டுக்காரி உன்னிடம் ஓடிவந்தாள்: "காந்தம் போட்டதுல இருந்துதான் இப்பிடி, டாக்டரம்மா. ரத்தத்துல உள்ள இரும்ப உறிஞ்சுதாம்ல? அம்புட்டுப் பேரும் சொல்றாக."

மாட்டுக்கு மருந்து கொடுத்துவிட்டு நேராக என் ஆய்வகத்துக்கு வந்தாய். "காந்தமா, கம்பியில ஒட்டியிருந்த பேரியமா, ரெண்டும் சேர்ந்தா? நஞ்சியல் படிச்சவ நீதான, சொல்லுடி."

பேரியத்தைக் காந்தம் இழுக்காது. ஆனால் பேரியம் ஒட்டிய கம்பியைப் பிடித்து வைத்து, நஞ்சு கரைய நேரம் கொடுத்திருக்கலாம். காந்தப்புலமே உடலை நலியச் செய்து நஞ்சின் வேகத்தைக் கூட்டுமா என்பது வேறு கேள்வி. "காந்தம் மட்டும், பேரியம் மட்டும், ரெண்டும், ரெண்டும் இல்லாமன்னு மாடுகள நாலு கூட்டமா வச்சுப் பாக்காம எப்பிடிச் சொல்றது?" என்றேன்.

"அவ வீட்டுல இருக்கது ஒத்த மாடுடி. வேணும்னா வயிறு நாலு இருக்கு."

'போதிய சான்று இல்லை' என்று முடியும் ஒரு பக்கத்தை எழுதிக் கொடுத்தேன். மாட்டுக்காரியிடம் காட்டினால் உன்மேல் பழி வராது. அதுதான் என்னால் முடிந்த பெரிய உதவி என்று நம்பினேன்.

மறுநாள் உன்னோடு வந்து அவள் தொழுவத்துப் படலுக்கு வெளியே நின்றேன். மாடு படுத்துவிட்டது. நீ அதன் கழுத்தருகே உட்கார்ந்து சொன்னாய்: "எதுனாலன்னு எனக்குத் தெரியலக்கா. காந்தம் போட்டது நாந்தான். கம்பியில கட்டாதீகன்னு முன்னமே சொல்லிருக்கணும், சொல்லல."

அவள் உன்னை வையவில்லை. "கட்டுனது நாந்தான தாயி" என்றாள். மாடு அன்று மாலை செத்தது. அதற்கு முன்பே அந்தத் தெருவில் தட்டைக் கட்டுகளிலிருந்து கம்பிகளை உருவத் தொடங்கியிருந்தார்கள்.

திரும்பும்போது, தாளை ஏன் காட்டவில்லை என்று கேட்டேன்.

"அதுல செவலையப் பத்தி ஒரு வரி இல்லையேடி."

எனக்குக் கோபம் வந்தது. விருதுநகரில் இறங்கி உனக்கு முன்னால் நடந்தேன்.

உன் கேள்விக்கு இன்னும் விடை இல்லை. காந்தமும் உலோகமும் சேர்ந்தால் இன்னதுதான் ஆகும் என்று யாராவது அடித்துச் சொன்னால் இன்றும் சந்தேகப்படுகிறேன். அதில் நான் மாறவில்லை. போன மாதம் வெம்பக்கோட்டையிலிருந்து ஒருவர் வந்தார். காந்தப்புலம் வீசும் உயர் அழுத்த மின்கம்பிக்குக் கீழே, கம்பெனியின் உலோகக் கழிவுநீர் ஓடும் இடத்தில் மேய்கிற ஆடுகளுக்குச் சினை கலைந்துவிடுகிறதாம். இந்த முறை நான் எழுதித்தரத் தாளை எடுக்கவில்லை. அவர் பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டேன். பட்டிக்குள் போய்ப் புழுக்கைகளுக்கு நடுவே குத்தவைத்து, "எதுனாலன்னு எனக்குத் தெரியலண்ணே" என்றேன்.

 அவர் ஒவ்வொரு ஆடாகப் பிடித்துக் காட்டத் தொடங்கினார்.