மண் இறுகும் முன்

அக்டோபர் 11
இன்றும் பனி விழவில்லை. ஆறு உறையாமல் கறுப்பாக ஓடிக்கொண்டே இருக்கிறது. விறகு எடுக்கப் போன இடத்தில் கொசு கடித்தது. வட கோடியிலிருக்கும் எங்கள் ஊரில், அக்டோபரில் கொசு!

வழக்கமாக இதற்குள் கல்லறைத் தோட்டத்தில் மூன்று குழிகள் தோண்டி முடித்திருப்பார்கள். குளிர்காலத்தில் யார் செத்தாலும், உறைந்துபோன இந்த மண்ணை உடைக்க முடியாதே. முப்பது வருடம் அந்த வேலைக்கு முன்னால் நின்றவர் என் புருஷன் பாசில். இப்போது நுரையீரல் கெட்டுக் கட்டிலில் கிடக்கிறார். யாரும் மண்வெட்டியைத் தொடவில்லை.

"வெயிலடிக்குதே அண்ணி, என்ன அவசரம்?" என்றான் என் கொழுந்தன் நார்பர்ட், முகத்தைப் பார்க்காமல். எங்கள் ஜன்னலிலிருந்து அந்தத் தோட்டம் தெரியும். நீ நல்லா இருக்கணும், நார்பர்ட்.

அக்டோபர் 16
ஒன்பது டிகிரி. கடவுளே, இப்படியே விட்டுவிடு.

அக்டோபர் 20
குழி தோண்டாதது பாசிலுக்குத் தெரிந்துவிட்டது. அவரிடம் எதைத்தான் மறைக்க முடிந்திருக்கிறது?

"நான் பாத்துடுவேன்னு பயந்துக்கிட்டா தோண்டாம இருக்கானுங்க? திடீர்னு குளிர் இறங்கி எவனாவது செத்தா எங்க வைப்பானுங்க, என் தலையிலயா?"

வாயைக் கழுவுங்க என்று கத்தினேன். இருமி முடித்து மெதுவாகச் சொன்னார்: "இத்தனை வருஷம் யாருக்குன்னு தெரியாமயே தோண்டினேன். எனக்குத் தோண்டறப்ப நான் பக்கத்துல இருக்கணும்."

நான் எப்படி சரி சொல்வேன்? மீன் கழுவப் போய்விட்டேன்.

அக்டோபர் 23
ஞாயிறு முதல் கடுங்குளிர் என்கிறது வானொலி. நார்பர்ட் வீட்டுக்கு நானே போனேன். "நாளைக்கு தோண்டிடுங்க" – என் வாயாலேயே.

அக்டோபர் 24
பாசிலை நாற்காலியோடு தூக்கிப்போனார்கள். வேறு வருடமாயிருந்தால் அக்டோபர் குளிர்காற்றில் ஒரு மூச்சு இழுத்திருக்க மாட்டார். இன்று கோட்டுப் பொத்தானைத் திறந்துவிட்டு, கையில் தேநீரோடு அதிகாரம் செய்தார்.

"கோணலா போகுதுடா! கண்ணு தெரியலையா?"

"வேணும்னா படுத்துப் பாத்து சொல்லேன் அண்ணா" என்றான் நார்பர்ட்.

பாசில்தான் முதலில் சிரித்தார், இருமல் வரும்வரை. பிறகு நானும் – என் புருஷனின் குழியோரம் நின்று வயிறு வலிக்கச் சிரித்தேன்! எத்தனை மாதமாயிற்று அப்படிச் சிரித்து.

ஆற்றைப் பார்த்த குழியைக் காட்டி, "இது என்னோடது, வேற எவனையும் உள்ள விடாதீங்க" என்றார். நார்பர்ட் முகத்தைத் துடைத்துக்கொண்டான். வியர்வையாம்.

அக்டோபர் 26
மைனஸ் பதினாறு. மண் இறுகிவிட்டது. இத்தனை நாள் பொறுத்ததற்கு நன்றி, கடவுளே.

நவம்பர் 19
ஆறு முழுதும் மூடிக்கொண்டது. மூன்று குழிகளின் மீதும் பலகை, பலகை மேல் முழங்கால் உயரப் பனி. அந்தப் பக்கம் யாரும் போன தடமே இல்லை.

பாசில் மீன் சூப் குடித்தார். உப்பு பத்தவில்லை என்று திட்டிவிட்டு இன்னொரு கிண்ணம் கேட்டார்.